ஒரு பென்னிக்கு ஓர் உலகம்



பரிசளிப்பு விழா நெருங்கினால் பள்ளியில் நாடக ஒத்திகை களைகட்டிவிடும். அப்படி ஒரு மாலை வேளையில், பிள்ளையை அழைத்துப் போக வந்த ஒரு தந்தை வாசல் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தார். "உள்ளே வந்து உட்கார்ந்து பாருங்களேன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "நமக்கு என்னா சார் தெரியும்? நாடகம், இலக்கியம் எல்லாம் படிச்சவங்க சமாச்சாரம். நாம இப்படி ஓரமா நின்னு பார்த்துட்டுப் போறோம்" என்றார்.

அவர் சொன்ன சொல் என் மனத்தை விட்டு அகலவில்லை. நாடகம் என்பது படித்தவர் சமாச்சாரம்தானா? நின்று பார்ப்பவனுக்கு அதில் பங்கு இல்லையா? இந்தக் கேள்விக்கு வரலாறு ஒரு நல்ல விடையை வைத்திருக்கிறது. இன்று உலகமே தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறதே ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், அவற்றை முதன்முதலில் பார்த்தவர்கள் யார் தெரியுமா? பிரபுக்களும் பார்த்தார்கள், உண்மைதான். ஆனால் மேடைக்கு மிக அருகில், வெயிலிலும் மழையிலும் நின்று பார்த்தவர்கள் கைவினைஞர்கள், தொழில் பழகும் பையன்கள், வேலைக்காரர்கள், படகோட்டிகள். அந்தக் கூட்டத்தோடு நாமும் ஒருநாள் நாடகம் பார்த்துவிட்டு வருவோமா? வாருங்கள், 400 ஆண்டுகளுக்கு முந்திய இலண்டன் மாநகருக்குப் போவோம்.

ஆற்றைக் கடந்து

ஆண்டு 1599. இங்கிலாந்தை முதலாம் எலிசபெத் அரசியார் ஆண்டுகொண்டிருந்த காலம். இலண்டனில் அப்போது சுமார் 2 இலட்சம் மக்கள் வாழ்ந்தார்கள். நகரத்தின் தெற்கே தேம்ஸ் நதி ஓடுகிறது. நதிக்கு ஒரே ஒரு பாலந்தான். அதனால் அக்கரைக்குப் போகிறவர்கள் பலர் படகில்தான் போவார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் படகுத்துறையில் கூட்டம் மொய்க்கும். நாடகம் பார்க்கப் போகிறவர்களால் படகோட்டிகளுக்கு நல்ல வரும்படி.

ஏன் அக்கரைக்குப் போக வேண்டும்? காரணம் இருக்கிறது. நகராட்சித் தலைவர்களுக்கு நாடகம் என்றாலே ஆகாது. அதனால் நாடகக்காரர்கள் நகராட்சியின் அதிகாரம் எட்டாத இடமாகப் பார்த்து அரங்கு கட்டினார்கள். தென்கரையில் இருந்த சவுத்வர்க் பகுதி அப்படிப்பட்டது. அங்கே கரடியைக் கட்டிவைத்து நாய்களை ஏவிவிடும் கொடுமையான விளையாட்டும் நடந்தது. சாராயக் கடைகளும் நிறைய இருந்தன. "நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் போகிற இடமா அது?" என்று பெரியவர்கள் முகம் சுளித்த இடத்தில்தான் உலகப் புகழ்பெற்ற நாடகங்கள் அரங்கேறின. சேற்றில் செந்தாமரை என்பது இதுதான் போலும்!

அந்த ஆண்டு செப்டம்பர் 21-ஆம் நாள், சுவிட்சர்லாந்து நாட்டுப் பாசல் நகரிலிருந்து வந்த தாமஸ் பிளாட்டர் என்ற பயணி தம் நண்பர்களோடு ஆற்றைக் கடந்தார். பிற்பகல் சுமார் 2 மணிக்கு, கூரை வேய்ந்த ஓர் அரங்கில் ரோமாபுரி ஜூலியஸ் சீசரின் கதையைப் பார்த்தார். சுமார் 15 பேர் நடித்தார்களாம். பார்த்ததை ஊர் திரும்பியபின் எழுதி வைத்தார். அவர் போயிருந்தது புதிதாகக் கட்டிய ‘குளோப்’ அரங்கமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். குளோப் என்றால் உலக உருண்டை. அருமையான பெயர் அல்லவா?

இடம் பெயர்ந்த அரங்கம்

இந்தக் குளோப் அரங்கம் பிறந்த கதையே ஒரு நாடகந்தான். ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் தச்சுத்தொழில் செய்து பின்னர் நடிகரானவர். அவர் 1576-இல் இலண்டனுக்கு வடக்கே, நகர எல்லைக்கு வெளியே ஓர் அரங்கம் கட்டினார். இங்கிலாந்தில் நாடகத்துக்கென்றே தனியாக எழுந்த முதல் கட்டடங்களில் அது ஒன்று. அதற்கு முன்பெல்லாம் சத்திர முற்றங்களிலும் சந்தைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலுந்தான் நாடகம் ஆடினார்கள்.

ஆனால் கட்டடம் அவருடையது, நிலம் வேறொருவருடையது. குத்தகைக் காலம் முடிந்தது. நில உரிமையாளருடன் தகராறு முற்றியது. பர்பேஜும் இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகளும் ஷேக்ஸ்பியர் முதலிய கூட்டாளிகளும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1598 டிசம்பர் மாதக் கடைசியில், கடுங்குளிரில், ஒரு தச்சரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் அரங்கத்தைக் கழற்றிவிட்டார்கள்! "நிலம்தானே உம்முடையது, மரம் எங்களுடையது" என்பது அவர்கள் கட்சி. உத்திரமும் தூணுமாகக் கழற்றிய மரங்களைத் தென்கரைக்குக் கொண்டு சேர்த்து, 1599-இல் குளோப் அரங்கத்தை எழுப்பினார்கள். வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆனால் அரங்கம் நின்றுவிட்டது.

குளோப் ஏறத்தாழ வட்ட வடிவம். நேர்ச்சுவர்கள் பல சேர்ந்த பலகோணக் கட்டடம். குறுக்களவு சுமார் 100 அடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சுற்றிலும் மூன்று அடுக்கு மாடங்கள். மாடங்களுக்குக் கூரை உண்டு. நடுவிலே திறந்த முற்றம், மேலே வெறும் வானம். முற்றத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உயரமான மேடை. மேடைமேல் இரண்டு பெரிய தூண்கள் தாங்கும் ஒரு கூரை. அதன் அடிப்பகுதிக்குச் ‘சொர்க்கம்’ என்று பெயர். மேடைப் பலகையில் ஒரு கள்ளக் கதவு இருக்கும். பேய், பிசாசு, ஆவி எல்லாம் அதன் வழியாகக் கீழிருந்து எழும். அந்த இடத்துக்கு ‘நரகம்’ என்று பெயர். மேலே சொர்க்கம், கீழே நரகம், நடுவிலே மனிதன்!

ஒரு பென்னியின் மதிப்பு

அரங்கத்தின் உச்சியில் கொடி பறந்தால் ‘இன்று நாடகம் உண்டு’ என்று பொருள். ஆற்றின் அக்கரையில் இருப்பவர்கள்கூட அதைப் பார்த்துக்கொள்ளலாம். எக்காளம் மூன்று முறை முழங்கும். மூன்றாவது முழக்கத்தோடு நாடகம் தொடங்கிவிடும்.

நுழைவுச் சீட்டு என்று எதுவும் கிடையாது. வாசலில் ஒருவர் சிறு மண் உண்டியலோடு நிற்பார். அதில் ஒரு பென்னி போட்டால் முற்றத்தில் நின்று பார்க்கலாம். "கால் வலிக்குதே, உட்காரணுமே" என்றால், இன்னொரு வாசலில் இன்னொரு பென்னி போட வேண்டும். மாடத்தில் ஏறி உட்காரலாம். மெத்தை போட்ட இருக்கையும் நல்ல இடமும் வேண்டுமென்றால் மூன்றாவது பென்னி. பிளாட்டர் இந்த மூன்று கட்டணத்தையும் தெளிவாகக் குறித்து வைத்திருக்கிறார். பெருந்தனக்காரர்களுக்கு அதற்கும் மேலான தனி அறைகள் இருந்தன.

மாணவ மணிகளே, ஒரு பென்னி என்பது பெரிய தொகையா, சிறிய தொகையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்று 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். இலண்டனில் தொழில் தெரிந்த ஒரு தச்சரோ கொத்தனாரோ நாளெல்லாம் உழைத்தால் சுமார் 12 பென்னி கிடைக்கும். சாதாரணக் கூலியாளுக்கு அதைவிடக் குறைவு. ஆக, நாடகம் பார்க்க ஒரு தச்சர் தம் நாள் கூலியில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும். அது ஒரு ரொட்டியின் விலை. கையைக் கடிக்காத தொகைதான், ஆனால் சும்மா தூக்கி எறிகிற தொகையும் அல்ல. ‘ரொட்டியா, நாடகமா?’ என்று யோசித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர்களும் அந்த முற்றத்தில் நின்றிருப்பார்கள் அல்லவா?

இதில் இன்னொரு கஷ்டம். நாடகம் நடந்தது வேலை நாளின் பிற்பகலில்! தொழில் பழகும் பையன் முதலாளிக்குத் தெரியாமல் நழுவித்தான் வர வேண்டும். பட்டறையில் ஆள் இல்லாததைக் கண்டு முதலாளிமார் கொதித்ததில் வியப்பில்லை. நகராட்சியார் நாடகத்தை வெறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

‘ரோஸ்’ என்ற இன்னோர் அரங்கத்தின் உரிமையாளர் பிலிப் ஹென்ஸ்லோ வைத்திருந்த கணக்குப் புத்தகம் இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது. 1592 மார்ச் 3-ஆம் நாள் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தில் தமக்குச் சேர்ந்த தொகை 3 பவுன் 16 ஷில்லிங் 8 பென்னி என்று அதில் எழுதியிருக்கிறார். பென்னியாக மாற்றினால் 920. அரங்க உரிமையாளரின் பங்கே இவ்வளவு என்றால் கூட்டத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்திலிருந்து வேறொன்றும் தெரிகிறது. ஒரே நாடகத்தை நாள்தோறும் போட மாட்டார்கள். இன்று ஒன்று, நாளை வேறொன்று. வாரத்தில் ஆறு நாள் ஆட்டம். ஓராண்டில் ஒரு குழு 30-க்கு மேற்பட்ட நாடகங்களை ஆடியதுண்டு. நடிகர்கள் எத்தனை வசனத்தை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்! ஒரு செய்யுளை மனனம் செய்யச் சொன்னால் வயிற்று வலி வருகிற நம் மாணவர்கள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கட்டும்.

முற்றத்தில் நின்றவர்கள்

சரி, நாமும் ஒரு பென்னியைப் போட்டுவிட்டு முற்றத்துக்குள் நுழைவோம்.

முதலில் தாக்குவது வாசனைதான்! வியர்வை, பூண்டு, பீர், புகையிலை எல்லாம் கலந்த ஒரு நெடி. தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். ஆப்பிள், பேரிக்காய், கொட்டை வகைகள், பீர் என்று விற்பவர்கள் கூட்டத்துக்குள் புகுந்து புறப்படுகிறார்கள். கச்சான் கொறித்துக்கொண்டே படம் பார்க்கிறோமே, அதைப் போலத்தான். 1989-இல் ரோஸ் அரங்கத்தின் அடித்தளத்தைத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து ஏராளமான கொட்டை ஓடுகள் கிடைத்தன. பழ விதைகளும், காசு வசூலித்த மண் உண்டியல்களின் உடைந்த துண்டுகளும் அகப்பட்டன. கொறித்துத் துப்பியவர்கள் போய் 400 ஆண்டுகள் ஆகிவிட்டன. துப்பிய விதை மட்டும் சாட்சியாக நிற்கிறது!

மாடத்திலும் முற்றத்திலும் பெண்களைக் காண்கிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமாக இருந்தது. பிரபு வீட்டுச் சீமாட்டி, கடைக்காரர் மனைவி, மீன் விற்கிறவர் என்று எல்லாரும் வந்தார்கள்.

சட்டைப் பையைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சவிழ்ப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? கையும் களவுமாகப் பிடிபட்டவனை மேடைத் தூணில் கட்டிவைத்து, எல்லாரும் பார்த்துச் சிரிக்கும்படி செய்வார்கள் என்று வில் கெம்ப் என்ற நகைச்சுவை நடிகர் 1600-ஆம் ஆண்டில் எழுதியிருக்கிறார்.

மழை வந்தால்? மாடத்தில் இருப்பவருக்குக் கவலையில்லை. முற்றத்தில் நிற்பவர் நனைய வேண்டியதுதான். ஆரம்ப காலத்தில் இத்தகைய அரங்குகளில் இடைவேளையும் கிடையாது. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் கால் கடுக்க நிற்க வேண்டும். "என்னப்பா இது, காசும் கொடுத்து, மழையிலும் நனைஞ்சு, நின்னுக்கிட்டே நாடகமா?" என்று கேட்கிறீர்களா? ஆமாம், அப்படித்தான் வந்தார்கள். ஒருநாள் அல்ல, வாரந்தோறும் வந்தார்கள்.

இவர்களுக்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? ‘கிரவுண்ட்லிங்’. தரையில் கிடப்பவர்கள் என்பது போன்ற ஓர் ஏளனச் சொல். ‘ஹாம்லெட்’ நாடகத்திலேயே இளவரசன் ஹாம்லெட் இவர்களைக் கேலி செய்கிற ஓர் இடம் வருகிறது. யார் முன்னால் நின்று அந்த வசனத்தைப் பேசினார்கள்? அதே முற்றத்துக் கூட்டத்தின் முன்னால்! கேலியைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மறுவாரமும் பென்னியோடு வந்தார்கள் என்றால் அந்த மக்களின் மனத்தை என்னவென்று சொல்வது!

காதால் பார்த்த நாடகம்

இப்போது மிக முக்கியமான செய்திக்கு வருகிறேன்.

நமது நாட்டுப்புறத்தில் ஒரு பழமொழி உண்டு. ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்பார்கள். விடிய விடிய ஆடுகிற கூத்தாடி எப்போது விடியும் என்று பார்ப்பானாம். பகலெல்லாம் உழைக்கிறவன் எப்போது பொழுது சாயும் என்று பார்ப்பானாம். இலண்டன் நாடகக்காரனோ கூலிக்காரனைப் போல மேற்கேதான் பார்த்தான். ஏனென்றால் விளக்கு வசதியில்லாத திறந்த அரங்கில் சூரியன்தான் விளக்கு. குளிர்காலத்தில் மாலை 4 மணிக்கே அங்கே இருட்டிவிடும். அதற்குள் கதையை முடித்தாக வேண்டும்.

அப்படியானால் நள்ளிரவுக் காட்சியை எப்படிக் காட்டுவது? ‘மக்பெத்’ நாடகத்தில் அரசனைக் கொலை செய்வது நள்ளிரவில். மேடையிலோ பட்டப்பகல்! திரைச்சீலை கிடையாது. காடு, கடல், கோட்டை என்று எழுதிய காட்சித் திரைகள் கிடையாது. ஒரு நடிகர் கையில் தீப்பந்தத்தோடு வருவார். இருட்டைப் பற்றி நாலு வரி பேசுவார். அவ்வளவுதான், 3,000 பேர் மனத்திலும் இருட்டு கவிந்துவிடும். சொல்லாலேயே இரவைக் கொண்டு வந்தார்கள், சொல்லாலேயே கடலைப் பொங்க வைத்தார்கள்.

அதனால்தான் அக்கால ஆங்கிலேயர் ‘நாடகம் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்வதோடு, ‘நாடகம் கேட்கப் போகிறேன்’ என்றும் சொன்னார்கள். நாடகம் காதுக்கு விருந்தாக இருந்தது. இங்கிலாந்தின் ஆண்களில் பெரும்பாலோருக்கும், பெண்களில் மிகப் பெரும்பாலோருக்கும் அன்று கையெழுத்துப் போடத் தெரியாது. இலண்டன் நகரத்து ஆண்களின் நிலை ஓரளவு பரவாயில்லை. ஆனாலும் அந்த முற்றத்தில் நின்றவர்களில் எத்தனையோ பேர் ஒரு புத்தகத்தையும் படித்திராதவர்கள். இன்று பல்கலைக்கழகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படிக்கிற அதே வசனங்களை அவர்கள் காதால் கேட்டே சிரித்தார்கள், அழுதார்கள், அடுத்த காட்சிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்குமா? புரிந்திருக்காது. நமக்கும் ஒரு நல்ல மேடைப் பேச்சில் ஒவ்வொரு சொல்லுமா புரிகிறது? பொருள் புரிய ஓசையும், முகபாவமும், பக்கத்தில் நிற்பவரின் பெருமூச்சும் துணை செய்யும்.

சைமன் போர்மன் என்ற இலண்டன் வைத்தியர் 1611-இல் சில நாடகங்களைப் பார்த்துக் குறிப்பு எழுதி வைத்தார். மக்பெத்தில் கொலையுண்ட பாங்கோவின் ஆவி வந்து அரசனின் நாற்காலியில் உட்கார்ந்த காட்சி அவர் மனத்தில் பதிந்திருக்கிறது. இன்னொரு நாடகத்தில் ஓர் எத்தன் ஏழை போல நடித்து ஏமாற்றுவதைப் பார்த்துவிட்டு, ‘இப்படிப்பட்டவர்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்’ என்று தமக்குத் தாமே பாடமும் எழுதிக்கொண்டார். பாருங்களேன், நம் வீட்டுத் தாய்மார் தொடர் நாடகம் பார்த்துவிட்டு, "இந்த மாதிரி ஆளுங்கள நம்பவே கூடாது" என்று சொல்வதைப் போலவே இல்லையா? காலம் மாறினாலும் பார்வையாளர் மனம் மாறவில்லை.

பையன்களே பெண்கள்

மேடையில் கவர்ச்சி இல்லாமலும் இல்லை. காட்சித் திரைக்குச் செலவிடாத பணத்தை ஆடைக்குச் செலவிட்டார்கள். பிரபுக்கள் தங்கள் உடைகளை வேலையாட்களுக்கு விட்டுச் செல்வதும், வேலையாட்கள் அவற்றை நடிகர்களிடம் விற்றுவிடுவதும் உண்டு என்று பிளாட்டர் எழுதுகிறார். அரசன் வேடத்தில் வந்தவன் உண்மையான பட்டும் வெல்வெட்டும் உடுத்தியிருந்தான்!

பெண்கள் மேடையேறும் வழக்கம் அன்று அங்கே இல்லை. ஜூலியட், ஓபீலியா, லேடி மக்பெத் எல்லாரும் குரல் உடையாத பையன்களே. இதைக் கேட்டு யாரும் வியப்படைய வேண்டியதில்லை. நம் தமிழ் நாடக மேடையிலும் ஆண்கள் பெண் வேடம் கட்டிப் பெரும்புகழ் பெற்ற காலம் இருந்தது. இங்கிலாந்தில் தொழில்முறை நாடக மேடையில் பெண்கள் நடிக்கத் தொடங்கியது 1660-க்குப் பிறகுதான்.

சோக நாடகமாக இருந்தாலும் முடிவில் ஆட்டம் உண்டு. சீசர் கதை முடிந்ததும் இரண்டு பேர் ஆண் உடையிலும் இரண்டு பேர் பெண் உடையிலும் வந்து அழகாக ஆடினார்கள் என்கிறார் பிளாட்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடியே மக்கள் வீடு திரும்பினார்கள்.

எதிர்ப்பும் கொள்ளை நோயும்

இந்த இன்பம் எளிதில் கிடைத்துவிடவில்லை. இலண்டன் நகரத் தலைவர் 1597-இல் அரங்குகளை ஒழிக்க வேண்டும் என்று அரசியாரின் ஆலோசனைச் சபைக்கே எழுதினார். பாதிரிமார் பலர் பிரசங்கத்தில் நாடகத்தைத் திட்டித் தீர்த்தார்கள். பிரபுக்களின் ஆதரவும், நாடகத்தை விரும்பிய அரசியாரின் நிழலும் இல்லாவிட்டால் நடிகர்கள் பிழைத்திருக்க முடியாது.

அதைவிடக் கொடிய பகைவன் பிளேக் என்னும் கொள்ளை நோய். 1592 முதல் 1594 வரை அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன. 1603-இல் அந்நோய் இலண்டனில் 30,000-க்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோயிற்று. வாரத்தில் 30 பேருக்கு மேல் பிளேக்கால் இறந்தால் அரங்கை மூட வேண்டும் என்று 1604-இல் விதி செய்தார்கள். 2020-இல் நம் நாட்டிலும் மக்கள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள், திரையரங்குகள், கோவில் திருவிழாக்கள் எல்லாம் நின்றுபோனதை அனுபவித்த நமக்கு, அந்த மக்களின் தவிப்பு நன்றாகவே புரியும். மீண்டும் கொடி பறந்த அன்று ஆற்றைக் கடந்தவர்களின் முகத்தில் எத்தனை மகிழ்ச்சி இருந்திருக்கும்!

தீப்பிடித்த நாள்

1613 ஜூன் 29-ஆம் நாள். குளோப் அரங்கில் எட்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய நாடகம். மன்னர் வரும் காட்சியில் பீரங்கி வெடித்தார்கள். அதிலிருந்து பறந்த பொறி கூரையில் விழுந்தது. முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. கண்ணெல்லாம் மேடையில்! ஒரு மணி நேரத்துக்குள் அரங்கம் முழுவதும் சாம்பலாகிவிட்டது. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒருவருடைய கால்சட்டையில் மட்டும் தீப்பிடித்ததாம். அவர் கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்துக்கொண்டாராம். சர் ஹென்றி வோட்டன் என்பவர் தம் கடிதத்தில் இதை எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கவனியுங்கள். அப்போது ஷேக்ஸ்பியரின் குழுவிடம் நகரத்துக்குள்ளேயே பிளாக்பிரையர்ஸ் என்ற இன்னோர் அரங்கம் இருந்தது. கூரையுள்ள மண்டபம். மெழுகுவர்த்தி வெளிச்சம். எல்லாருக்கும் இருக்கை. குறைந்த கட்டணமே 6 பென்னி. வசதி படைத்தவர்கள் வந்தார்கள், வருமானமும் நன்றாக இருந்தது. ‘எரிந்தது எரிந்துபோகட்டும், இனிமேல் பணக்காரர்களுக்கு மட்டும் ஆடுவோம்’ என்று அவர்கள் முடிவு செய்திருக்கலாம். செய்யவில்லை. பெருஞ்செலவு செய்து, அடுத்த ஆண்டே, 1614-இல் குளோப் அரங்கத்தை அதே இடத்தில் மீண்டும் கட்டினார்கள். இந்த முறை ஓட்டுக் கூரை போட்டார்கள். ஒரு பென்னிக்காரனுக்கு முற்றத்தில் மறுபடியும் இடம் கிடைத்தது. அந்தக் கூட்டத்தை இழக்க நாடகக்காரர்கள் விரும்பவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. 1642 செப்டம்பரில் நாடாளுமன்றம் எல்லா அரங்குகளையும் மூடச் சொல்லிவிட்டது. குளோப் சில ஆண்டுகளில் இடிபட்டது. 1660-இல் அரங்குகள் மீண்டும் திறந்தபோது நாடகம் கூரைக்குள் போய்விட்டது. முற்றத்தில் நின்ற கூட்டத்துக்குப் பழைய இடம் கிடைக்கவில்லை. அமெரிக்க நடிகர் சாம் வானமேக்கர் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக, அவர் மறைந்தபின் 1997-இல் பழைய இடத்துக்கு அருகிலேயே அதே மாதிரியில் குளோப் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே இன்றும் முற்றத்தில் நின்று பார்க்கிறார்கள். மழை பெய்தால் இன்றும் நனைகிறார்கள்!

எழுதியவர் யார், கேட்டவர் யார்?

பெற்றோர்களே, மாணவர்களே! இந்த நாடகங்களை எழுதியவர்கள் மட்டும் அரண்மனையிலா பிறந்தார்கள்? ஷேக்ஸ்பியரின் தந்தை கையுறை தைத்து விற்றவர். ஷேக்ஸ்பியர் பல்கலைக்கழகத்துப் படி ஏறியவர் அல்லர். கிறிஸ்டோபர் மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன், உதவிப் பணம் பெற்றுப் படித்தவர். பென் ஜான்சன் வளர்ந்தது ஒரு கொத்தனார் வீட்டில். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள் எழுதினார்கள், உழைப்பாளிகள் முற்றத்தில் நின்று கேட்டார்கள். கேட்கத் தெரிந்த அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் அந்தச் சொற்களை யாருக்காக எழுதியிருப்பார்கள்? விளைச்சலுக்கு விதை மட்டும் போதுமா, மண்ணும் வேண்டுமே!

அந்த விதை கடல் கடந்து நம் மொழியிலும் விழுந்தது. தமிழ் நாடகத் தந்தையருள் ஒருவரான பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ என்றும், வெனிஸ் நகர வணிகன் கதையை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழ் மேடைக்குத் தந்தார். ஒரு காலத்தில் தேம்ஸ் நதிக்கரையில் நின்றவர்கள் கேட்ட கதையைப் பின்னர் தமிழர்களும் தமிழிலேயே கேட்டார்கள்.

ஆகவே, வாசல் ஓரத்தில் நின்ற அந்தத் தந்தைக்கு நான் அன்று சொல்லத் தவறிய பதிலை இங்கே எழுதுகிறேன். ஐயா, நாடகம் படித்தவர் சமாச்சாரம் மட்டும் அல்ல. காது கொடுத்துக் கேட்கிற எல்லாருடைய சமாச்சாரமும்தான். உலகத்தின் மிகப் பெரிய நாடகங்கள் நின்று பார்த்தவர்களை நம்பித்தான் வளர்ந்தன. ஆனால் அவர்கள் ஓரத்தில் நிற்கவில்லை, மேடையை ஒட்டி நடுவிலே நின்றார்கள். மழை வந்தும் நகரவில்லை.

இன்று நம் பிள்ளைகள் மேடையேறுவார்கள். மனப்பாடம் செய்ததில் ஒரு வரி மறந்துபோகலாம், ஒட்டிய மீசை கீழே விழலாம். கைப்பேசியில் படம் எடுத்தது போதும் என்று கொஞ்ச நேரம் அதைப் பைக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டுக் கதையை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். முன்னால் வந்து உட்காருங்கள், இடம் இல்லாவிட்டால் முன்னால் வந்து நில்லுங்கள். பிள்ளைகள் பேசுவதைக் கேளுங்கள். சிரிக்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரியுங்கள். நீங்கள் கேட்கிறீர்கள் என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைகள் இன்னும் நன்றாகப் பேசுவார்கள். அவர்களுள் ஒருவர் நாளை நமக்காக ஒரு நல்ல நாடகம் எழுதமாட்டார் என்று யாரால் சொல்ல முடியும்?

இன்றைய நாடகத்துக்கு ஒரு பென்னிகூடக் கேட்கவில்லை. உங்கள் இரண்டு காதுகளை மட்டும் கொண்டு வாருங்கள்.